நோயாளி இறந்தபோது முதலில் வந்தது நிம்மதி. இது வெறும் களைப்பா?

கரையோரம் | ஞாயிறு, அதிகாலை 3.20

பொது மருத்துவத்தில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இங்கே வெகு நாளாகப் படித்துவிட்டுப் போகிறவள், எழுதுவது இதுதான் முதல் தடவை. யாரையும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

போன வாரம் என் வார்டில் ஒரு பெரியவர் இறந்துபோனார். மூன்று வாரமாக எங்களிடம் இருந்தவர். கல்லீரல் முழுக்கக் கெட்டுப்போயிருந்தது, பிழைக்க மாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். முதல் வாரம் ரவுண்ட்ஸ் முடிந்த பிறகும் அவர் பக்கத்தில் போய்ப் பேசிக்கொண்டிருப்பேன். மூன்றாவது வாரத்தில் அவர் எனக்குப் பதினான்காம் கட்டில் ஆகிவிட்டார். ‘பதினாலுக்கு சோடியம் என்ன வந்தது’, ‘பதினாலுக்கு வயிற்று நீர் எடுக்கணும்’ என்று பெயரே இல்லாமல் பேச ஆரம்பித்துவிட்டேன்.

அன்று நான் டியூட்டிக்கு வந்து 31 மணி நேரம் ஆகியிருந்தது. விடியற்காலை நான்கு மணி தாண்டி அவருக்கு மூச்சு நின்றது. மூச்சு நின்றால் நெஞ்சை அழுத்தி மீட்கும் சிபிஆர் வேண்டாம் என்று குடும்பத்தார் முன்பே முடிவு செய்திருந்தார்கள். நாடி பார்த்தேன், ஸ்டெத் வைத்துக் கேட்டேன், கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தேன், நேரத்தைக் குறித்தேன். அப்போது மனதில் முதலில் வந்தது இதுதான்: ‘அப்பாடா, ஆறு மணிக்கு இவருக்கு ரத்தம் எடுக்க வேண்டியதில்லை.’ அவருக்கு நரம்பே கிடைக்காது. தினமும் அரை மணி நேரம் அதிலேயே போகும்.

வெளியே மகள் உட்கார்ந்திருந்தார். இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். அவர் அழவில்லை. “கடைசியா அப்பா ஏதாவது சொன்னாரா டாக்டர்?” என்று மட்டும் கேட்டார். நள்ளிரவில் அவரோடு கடைசியாகப் பேசியது நான்தான். என்ன பேசினார் என்று ஒரு சொல்கூட ஞாபகத்தில் இல்லை. “ஒன்றும் சொல்லவில்லை” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

அப்புறம் இரண்டு நாள் விடுப்பு கிடைத்தது. ஒரே மூச்சில் 14 மணி நேரம் தூங்கினேன். உடம்பு தெளிந்துவிட்டது. ஆனால் வார்டுக்குள் திரும்ப நுழைந்ததும் எல்லாம் பழையபடி. மரத்துப்போன கையால் எதையோ தொடுகிற மாதிரிதான் நோயாளிகளைப் பார்க்கிறேன். இந்தப் படிப்புக்கு வரும்போது நான் இப்படி இல்லை. தூங்கினால் சரியாகும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். தூங்கியும் சரியாகவில்லை என்றால் என்ன செய்வது?

பழைய_ஓபி | ஞாயிறு, காலை 6.05

கரையோரம் அவர்களுக்கு, முப்பது வருடத்துக்கு மேல் பொது மருத்துவத்தில் இருக்கிறவன் சொல்கிறேன், இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அம்மா. நாங்களும் இந்த வழியாகத்தான் வந்தோம். வெள்ளிக்கிழமை காலை உள்ளே போனால் ஞாயிறு காலைதான் வெளியே வருவோம். ஒரு நோய் எப்படித் தொடங்குகிறது, இரவு எப்படித் திரும்புகிறது, மறுநாள் எங்கே போய் நிற்கிறது என்று கூடவே இருந்து பார்த்ததால்தான் கற்றுக்கொண்டோம். ஒவ்வொரு சாவுக்கும் அழுதுகொண்டிருந்தால் அடுத்த நோயாளியைப் பார்க்க முடியாது. மனம் தன்னைக் காத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். இறுதியாண்டு வந்தால் வேலை குறையும், நீங்களும் பழையபடி ஆகிவிடுவீர்கள்.

மூன்றாவது_நைட் | ஞாயிறு, காலை 7.45

சார், மரியாதையோடு மறுக்கிறேன். நான் நர்சிங் இறுதியாண்டு மாணவி. ‘சரியாகிவிடும்’ என்பதைக் கேட்டுக் கேட்டு எங்கள் வகுப்பில் இரண்டு பேர் படிப்பையே விட்டுவிட்டார்கள்.

கரையோரம் அக்கா, நீங்கள் சொல்வது எனக்கு அப்படியே புரிகிறது. எங்களைப் படிக்க வந்தவர்களாக யாரும் பார்ப்பதில்லை, குறைகிற ஆளுக்குப் பதில் ஆளாகப் பார்க்கிறார்கள். ஒரு வார்டில் மூன்று நர்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நர்ஸும் இரண்டு மாணவிகளும் நிற்போம். தவறு நடந்தால் மட்டும் ‘நீ மாணவிதானே, உன்னை யார் தொடச் சொன்னது’ என்பார்கள். அதே கட்டிலுக்குப் போன இரவில் எத்தனை தடவை எங்களை அனுப்பினார்கள் என்பது அப்போது யாருக்கும் நினைவிருக்காது.

லிண்டா ஐக்கன் என்பவரின் குழு 2002இல் வெளியிட்ட ஆய்வை எங்கள் ஆசிரியை ஒருவர் வகுப்பில் விளக்கினார். ஒரு நர்ஸின் பொறுப்பில் இருக்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினாலே, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. அந்த நர்ஸ் பர்ன் அவுட் ஆகும், அதாவது வேலையிலேயே எரிந்து தீர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறது. இரண்டும் ஒரே கணக்கில் வந்தது என்னை உலுக்கிவிட்டது. எங்களைக் கசக்கும்போது நோயாளியும் சேர்ந்துதான் நசுங்குகிறார். அதனால் ‘மனத்தைத் திடப்படுத்திக்கொள்’ என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வருகிறது. மன்னிக்கவும் சார்.

தாள்புரட்டி | ஞாயிறு, காலை 10.30

நான் மனநல மருத்துவத்தில் பயிற்சியில் இருக்கிறேன். கரையோரம், நீங்கள் ஒரு வார்த்தை போட்டிருக்கிறீர்கள், ‘மரத்துப்போன கை’. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் 1974இல் பர்ன் அவுட் பற்றி எழுதினார். நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவ நிலையத்தில் பகல் வேலை முடிந்து இரவிலும் உழைத்தவர். தன்னோடு வேலை செய்த தன்னார்வலர்களிடமும் தன்னிடமும் பார்த்ததைத்தான் எழுதினார். ஆர்வமில்லாதவர்களுக்கு இது வருவதில்லை, முழு மனதோடு இறங்கியவர்களுக்குத்தான் முதலில் வருகிறது என்பது அவர் கவனித்தவற்றில் ஒன்று. 1981இல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் இதை அளக்க 22 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். அதில் மூன்று பகுதிகள். தமிழில் மூன்றுக்கும் ஏற்கெனவே நல்ல சொற்கள் இருக்கின்றன: களைத்துப்போவது, மரத்துப்போவது, ‘நான் எதற்கும் உதவாதவன்’ என்று தோன்றுவது.

முதலாவதைத் தூக்கம் ஓரளவு சரிசெய்யும். இரண்டாவதைச் சரிசெய்யாது. அதனால்தான் 14 மணி நேரம் தூங்கியும் உங்களுக்கு மாறவில்லை. அது உங்கள் குணத்தில் வந்த கேடு கிடையாது. இடைவெளியே கொடுக்காமல் சாவைப் பார்க்கச் சொன்னால் மனம் செய்கிற காரியம் அது. பழைய_ஓபி ஐயா ‘மனம் தன்னைக் காத்துக்கொள்கிறது’ என்றது ஒரு வகையில் சரிதான். ஆனால் அடிபட்ட இடத்தில் போடும் கட்டை வருடக்கணக்கில் அவிழ்க்காமல் விட்டால் தசையே சூம்பிப்போகும் இல்லையா?

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் பர்ன் அவுட்டைச் சேர்த்தபோது அதை நோய் என்று வகைப்படுத்தவில்லை. பணியிடம் சார்ந்த நிகழ்வு என்றுதான் சொன்னது. நிர்வகிக்கப்படாத நாள்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு என்பது அதன் விளக்கம். இது முக்கியமான வேறுபாடு. பணியிடத்தில் இருக்கிற ஒன்றுக்கு ஆளை மட்டும் பிடித்துத் திருத்திக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. மரத்துப்போவது மனச்சோர்வு நோயிலும் வரும். இரண்டும் ஒன்றோடொன்று கலந்தும் இருக்கும். அதனால் நேரடியாகவே கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். தூங்க நேரம் கிடைத்தாலும் விடியற்காலையில் விழித்துக்கொள்கிறீர்களா? வேலைக்கு வெளியே பிடித்த எதிலாவது மனம் ஒட்டுகிறதா? செத்துவிடலாம் என்றோ, இல்லாமல் போனால் தேவலை என்றோ எப்போதாவது தோன்றியிருக்கிறதா? கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. இங்கே சொல்ல வேண்டாம் என்றால் தனிச்செய்தி அனுப்புங்கள். இன்னொன்று, ஹீமோகுளோபினும் தைராய்டும் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

கரையோரம் | ஞாயிறு, இரவு 9.10

பார்த்து இரண்டு வருடம் ஆகிறது. தினமும் இருபது பேருக்கு எழுதிக் கொடுக்கிற பரிசோதனை அது.

இங்கேயே சொல்லிவிடுகிறேன், வேறு யாருக்காவது பயன்படலாம். சாக வேண்டும் என்று தோன்றியதில்லை. ஆனால் போன மாதம் டியூட்டிக்கு வண்டியில் போகும்போது, ‘இப்போது யாராவது இடித்துக் கால் மட்டும் உடைந்தால் ஒரு மாதம் படுத்திருக்கலாமே’ என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை. எந்த எலும்பு உடைந்தால் எத்தனை வாரம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே வார்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அன்று மதியம்தான் அது சாதாரண எண்ணம் இல்லை என்று உறைத்தது.

இயன்முறை_இன்டர்ன் | ஞாயிறு, இரவு 9.32

எனக்கும் இதே. நான் தினமும் எலும்பு முறிந்தவர்களை நடக்கப் பழக்குகிறேன். அவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். இதை இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

தாள்புரட்டி | ஞாயிறு, இரவு 10.15

இருவருக்கும். ‘படுத்துக்கொள்ள எனக்கு அனுமதி வேண்டும், விபத்து ஒன்றுதான் அதைத் தரும்’ என்ற நிலைக்கு மனம் போயிருக்கிறது. இதை லேசாக விட முடியாது. இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள், உங்கள் துறைக்கும் முடிந்தால் உங்கள் மருத்துவமனைக்கும் வெளியே. ‘பெயர் கெட்டுவிடும், மதிப்பெண்ணில் கை வைத்துவிடுவார்கள்’ என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. 2016இல் 43 நாடுகளின் மருத்துவ மாணவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். 27.2 சதவீதம் பேருக்கு மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருந்தன. 11.1 சதவீதம் பேருக்குத் தற்கொலை எண்ணம் இருந்தது. கேள்வித்தாளில் மனச்சோர்வு இருக்கலாம் என்று தெரியவந்தவர்களில் சிகிச்சைக்குப் போனவர்கள் 15.7 சதவீதம்தான்! சிகிச்சை தரக் கற்றுக்கொள்கிறவர்களின் எண்ணிக்கை இது. எப்போது நினைத்தாலும் மனம் ஆறுவதில்லை.

எண்ணம் கால் உடைவதைத் தாண்டிப் போனால் அன்றைக்கே யாரையாவது எழுப்புங்கள். நடு இரவாக இருந்தாலும் எழுப்புங்கள். பக்கத்து அறைத் தோழி, அவசர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் மருத்துவர், யாராக இருந்தாலும் சரி. நோயாளி ஒருவர் இப்படிச் சொன்னால் காலையில் வாருங்கள் என்று நீங்கள் அனுப்ப மாட்டீர்கள்.

அறுவை_மூன்றாமாண்டு | திங்கள், அதிகாலை 1.50

ஆபரேஷன் தியேட்டரில் அடுத்த கேஸ் வருவதற்குள் எழுதுகிறேன். பழைய_ஓபி ஐயா, ‘நாங்களும் இந்த வழியாகத்தான் வந்தோம்’ என்பதைப் பற்றி மட்டும்.

1984இல் நியூயார்க்கில் லிபி சயன் என்ற 18 வயதுப் பெண் மருத்துவமனையில் சேர்ந்த சில மணி நேரத்தில் இறந்துபோனார். பார்த்துக்கொண்டவர்கள் பயிற்சி மருத்துவர்கள். நீண்ட டியூட்டியில் இருந்தவர்கள், ஒரே நேரத்தில் பல நோயாளிகள் பொறுப்பில் இருந்தார்கள். அந்தப் பெண்ணின் அப்பா பத்திரிகையாளர், விடவில்லை. அதன் தொடர்ச்சியாக 1989இல் அந்த மாநிலத்தில் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு வந்தது, 2003இல் அமெரிக்கா முழுக்க வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பயிற்சி மருத்துவர்களுக்கும் சராசரி 48 மணி நேரம் என்பது 2009இல் முழுமையாக வந்தது. விதி வருவதற்கு ஒரு பெண் இறக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்பும் இறந்திருப்பார்கள், எழுத ஆளில்லாமல் போயிருக்கும்.

விழித்திருப்பதைப் பற்றி நாம் வீரமாகப் பேசுகிறோம். 1997இல் டாசனும் ரீடும் அளந்து பார்த்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், ரத்தத்தில் மது அளவு 0.05 சதவீதம் இருப்பவரின் அளவுக்குச் சரிந்தது. 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 0.10 சதவீதத்துக்குச் சமமானது. பல நாடுகளில் அந்த அளவோடு வண்டி ஓட்டினால் பிடித்துக்கொள்வார்கள். நாம் கத்தியைப் பிடிக்கிறோம்.

2005இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், நீண்ட டியூட்டி முடிந்து வீட்டுக்கு ஓட்டிப் போகும் இன்டர்ன்களுக்கு (முதலாண்டுப் பயிற்சி மருத்துவர்களுக்கு) விபத்து வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. என் சகா ஒருவன் போன வருடம் டியூட்டி முடிந்து போகும்போது சாலை நடுத்திட்டில் ஏறினான். உயிருக்கு ஒன்றுமில்லை. மறுநாள் அவனிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, ‘உன் வார்டை யார் பார்ப்பார்கள்?’

ஆனால் நேர வரம்பு மட்டும் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். நான் முன்பு இருந்த இடத்தில் வரம்பு இருந்தது, தாளில். வாரக் கடைசியில் உட்கார்ந்து எல்லா நாளுக்கும் பொருந்துகிற மாதிரி நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். நானும் போட்டேன். வேலை குறையவில்லை, பொய் ஒன்று கூடியது. அந்தப் பொய்யும் ஒரு சுமைதான், நோயாளி விஷயத்தில் உண்மை மட்டுமே எழுது என்று கற்றுக்கொடுத்த அதே இடத்தில்.

கூப்பிடுகிறார்கள். அப்புறம் வருகிறேன்.

பழைய_ஓபி | திங்கள், காலை 5.40

இரவு தூங்கவில்லை. எல்லோருடைய பதிவையும் இரண்டு தடவை படித்தேன்.

முதலில் என் மறுப்பைச் சொல்லிவிடுகிறேன், அதில் நான் இன்னும் நிற்கிறேன். பணி நேரத்தை வெட்டினால் கைமாற்றம், அதாவது ஒருவர் அடுத்தவரிடம் நோயாளியை ஒப்படைப்பது, கூடும். கைமாறும் இடத்தில்தான் தகவல் தொலையும். அமெரிக்காவிலேயே 2011இல் முதலாண்டுக்காரர்களுக்கு 16 மணி நேரம் என்று குறைத்தவர்கள் 2017இல் மறுபடி 24 மணி நேரம் ஆக்கினார்கள். 117 அறுவை சிகிச்சைப் பயிற்சித் திட்டங்களை வைத்து 2016இல் வந்த ஆய்வில், நேர வரம்பைத் தளர்த்தியதால் நோயாளிகளின் இறப்போ பெரிய சிக்கல்களோ கூடவில்லை. அதனால் குறுகிய ஷிஃப்ட் என்றாலே பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது இன்னொன்று. நான் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது, தொடர்ந்து 40 மணி நேரத்துக்கு மேல் போன ஒரு டியூட்டியின் முடிவில் பொட்டாசியம் எழுதும்போது அளவைத் தப்பாக எழுதினேன். இரவு நர்ஸ் பார்த்துவிட்டுக் கொடுக்காமல் நிறுத்தி என்னைக் கூப்பிட்டார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த அம்மையார் யாரிடமும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. திருத்தி எழுதிவிட்டுக் கழிப்பறையில் போய் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அந்த எண்ணை நான் எழுதிய கையெழுத்து இன்றைக்கும் கண்ணுக்குள் இருக்கிறது.

முப்பது வருடமாக நான் ஜூனியர்களிடம் ‘இதெல்லாம் சகஜம்’ என்று சொல்லி வந்திருக்கிறேன். நேற்றுக் காலை கரையோரத்துக்கும் அதையே எழுதினேன். அன்றைக்கு எனக்கு யாராவது அதைச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேனா என்று இரவெல்லாம் யோசித்தேன். தாங்கியிருக்க மாட்டேன். பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தால் போதுமாக இருந்திருக்கும். மூன்றாவது_நைட், நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை அம்மா. என் தவறைப் பிடித்தவரும் ஒரு நர்ஸ்தான்.

தாள்புரட்டி | திங்கள், காலை 8.20

ஐயா, இதை எழுதியதற்கு நன்றி. 2000இல் ஆல்பர்ட் வூ என்ற மருத்துவர் இப்படிப்பட்டவர்களுக்கு ‘இரண்டாவது பாதிக்கப்பட்டவர்’ என்று பெயர் வைத்தார். முதல் பாதிப்பு நோயாளிக்கு, இரண்டாவது தவறு செய்த மருத்துவருக்கு. முதலாமவர் பெயர் பின்னால் போய்விடக் கூடாது என்பதால் அந்தச் சொல்லுக்கு எதிர்ப்பும் இருக்கிறது, அது நியாயமும்கூட. ஆனால் விஷயம் உண்மை.

கைமாற்றம் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். அதற்குத் தீர்வு கைமாற்றுவதை ஒழுங்காகக் கற்றுக்கொடுப்பது. ஒன்பது மருத்துவமனைகளில் ஒரே வரிசைப்படி நோயாளியை ஒப்படைக்கப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள், 2014இல் முடிவு வந்தது. மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்தன, தடுத்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதம் குறைந்தன. நேரத்தைப் பற்றியும் ஒன்று. 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தீவிர சிகிச்சைப் பிரிவில் 24 மணி நேரமும் அதற்கு மேலும் நின்ற இன்டர்ன்கள், நேரம் குறைக்கப்பட்டவர்களைவிட 36 சதவீதம் அதிகமாகக் கடுமையான தவறுகள் செய்தார்கள். நீங்கள் குறிப்பிட்ட 2016 ஆய்விலும் வரம்பு தளர்த்தப்பட்ட பயிற்சி மருத்துவர்களுக்கு வீட்டுக்குக் கிடைக்கும் நேரம் பற்றி அதிருப்தி கூடியது. அவர்களும் அந்த ஆய்வில் இருந்த மனிதர்கள்தான்.

கரையோரம், எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் ஓர் ஆய்வை உங்களுக்காகச் சொல்கிறேன். 2010இல் ஸ்ரீஜன் சென் குழுவினர் வெளியிட்டது. இன்டர்ன்ஷிப் தொடங்குவதற்கு முன்பே ஆட்களிடம் மனச்சோர்வு அளவை எடுத்துவிட்டார்கள். அப்போது 3.9 சதவீதம் பேருக்கு அது இருந்தது. அதே ஆட்களிடம் அந்த வருடத்துக்குள் அவ்வப்போது அளந்தபோது சராசரியாக 25.7 சதவீதம். ஆள் மாறவில்லை, இடம்தான் மாறியது. ‘நான் இந்தத் தொழிலுக்குத் தகுதியில்லாதவளோ’ என்ற கேள்வி உங்களுக்கு இந்நேரம் வந்திருக்கும். வரும்போது இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மூன்றாவது_நைட் | திங்கள், மதியம் 2.15

ஓபி சார், உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வார்டுக்குள் போக முடியவில்லை.

எங்கள் கல்லூரியில் ‘மன அழுத்த மேலாண்மை’ என்று ஒரு நாள் வகுப்பு வைத்தார்கள். நைட் டியூட்டி முடிந்த காலை ஒன்பது மணிக்கு. வருகைப்பதிவு கட்டாயம். மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தவர் நல்லவர், அவர் மேல் குறையில்லை. ஆனால் அன்றைக்கு எனக்குத் தேவைப்பட்டது அந்த மூன்று மணி நேரத் தூக்கம்.

உண்மையில் உதவியது எதுவென்றால், ஐசியூவில் ஒரு சீனியர் சிஸ்டர் இருந்தார். யாராவது இறந்தால் உடலைத் துடைத்து முடித்ததும் எங்களை நிறுத்துவார். ஒரு நிமிடம் எல்லோரும் கட்டிலைச் சுற்றிச் சும்மா நிற்க வேண்டும். அவர் நோயாளியின் பெயரைச் சொல்வார், எண்ணைச் சொல்ல மாட்டார். பிறகு யார் கை நடுங்குகிறது என்று பார்த்து, அவளை மட்டும் ஐந்து நிமிடம் வெளியே போய்வரச் சொல்லி, அவள் கட்டில்களைத் தானே பார்த்துக்கொள்வார். ‘போய்ட்டு வா, நான் பார்த்துக்கறேன்.’ இந்த நாலு வார்த்தைக்காகத்தான் அந்த வார்டில் டியூட்டி வேண்டும் என்று எல்லோரும் கேட்போம். அவர் மாற்றலாகிப் போன பிறகு அந்த நிமிடமும் போய்விட்டது. ஒரு ஆளின் நல்ல குணத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, விதியில் இல்லை.

அறுவை_மூன்றாமாண்டு | திங்கள், இரவு 8.00

மூன்றாவது_நைட் கடைசியாகச் சொன்னதுதான் சரியான புள்ளி. ஆளுக்குச் சொல்லிக்கொடுப்பது ஒரு வழி, வேலை முறையை மாற்றுவது இன்னொரு வழி. இரண்டையும் பற்றிய ஆய்வுகளைச் சேர்த்து 2016இல் தொகுத்துப் பார்த்தபோது, மருத்துவர்களிடம் பர்ன் அவுட் 54 சதவீதத்திலிருந்து 44 சதவீதத்துக்குக் குறைந்திருந்தது. அதனால் மூச்சுப் பயிற்சியை நான் தள்ளிவிட மாட்டேன். அதை மட்டும் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

எங்கள் யூனிட்டில் இப்போது ஒன்று செய்கிறோம். இரவு டியூட்டியில் இருவரில் ஒருவர் இரண்டு மணி நேரம் படுக்க வேண்டும். போனை மற்றவரிடம் கொடுத்துவிட வேண்டும். போன் கையில் இருந்தால் அது தூக்கமே இல்லை, காத்திருப்புதான். சீஃப் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு மாதம் செய்து காட்டினோம். இப்போது அவரே ‘யார் படுத்தீர்கள்’ என்று காலையில் கேட்கிறார். இன்னொருவர் இல்லாமல் தனியாக நிற்கும் இடங்களில் இது நடக்காது என்று எனக்குத் தெரியும். அங்கே ஆள் போடாமல் வேறு வழியே இல்லை.

மஞ்சள்_வாசல் | செவ்வாய், காலை 11.05

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு என் அம்மாவை மருத்துவமனையில் இழந்தவள். மகள் என்ற இடத்திலிருந்து ஒன்று சொல்லலாமா?

எங்களுக்குச் செய்தி சொன்ன பெண் மருத்துவருக்கும் உங்கள் வயதுதான் இருக்கும். கண் சிவந்திருந்தது. எங்களைப் பார்க்காமல் கேஸ் ஷீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எனக்கு ரொம்ப நாள் அவர் மேல் கோபம் இருந்தது. இங்கே படித்த பிறகுதான் அவர் அன்று எத்தனை மணி நேரமாக நின்றுகொண்டிருந்தாரோ என்று முதல் தடவையாக நினைத்தேன்.

கரையோரம், அந்த மகள் கேட்ட கேள்விக்குப் பெரிய பதில் தேவையில்லை. நான் கேட்டிருந்தாலும் பெரிதாக எதையும் எதிர்பார்த்திருக்க மாட்டேன். அம்மா தண்ணீர் கேட்டாள் என்று யாராவது சொல்லியிருந்தால்கூட அதை இன்றுவரை வைத்திருந்திருப்பேன். ஞாபகம் வந்தால் சொல்லுங்கள். நாள் கடந்துவிட்டதே என்று யோசிக்காதீர்கள்.

கரையோரம் | அடுத்த வாரம் புதன், இரவு 10.40

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். எல்லோருடைய பதிவையும் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை.

மனநல மருத்துவரைப் பார்த்தேன், வேறு மருத்துவமனையில். மனச்சோர்வு தொடங்கியிருக்கிறது என்றார். மாத்திரை ஆரம்பித்திருக்கிறேன், அதோடு வாரம் ஒரு முறை பேசப் போகிறேன். ஹீமோகுளோபின் 9.1தான் இருந்தது, ரத்தசோகை. மூச்சு வாங்கியதை எல்லாம் டியூட்டிக் களைப்பு என்று நினைத்திருந்தேன். யூனிட் சீஃபிடம் போக மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு, எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்துப் படித்தேன். அவர் அதிகம் பேசவில்லை. ஆறு வாரத்துக்கு நைட் டியூட்டியிலிருந்து என்னை எடுத்திருக்கிறார். அந்த நைட் எல்லாம் என் பேட்ச்மேட் இருவர் தலையில் விழுகிறது. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஆள் கேட்டு எழுதியிருக்கிறோம், பதில் இல்லை.

பதினான்காம் கட்டில் என்று நான் சொன்னவரைப் பற்றி. அன்றைக்கு இரவு டியூட்டியில் இருந்த சிஸ்டரைத் தேடிப் போய்க் கேட்டேன். அவருக்கு ஞாபகம் இருந்தது. நான் ஊசி போட்டுவிட்டுக் கிளம்பும்போது பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுக்க வேண்டும் என்று கேட்டாராம். நானும் சிஸ்டரும் சேர்ந்துதான் திருப்பினோமாம், முதுகுக்கு நான்தான் தலையணை வைத்தேனாம். அவர் சொன்னதும் எனக்கும் வந்துவிட்டது. முதுகு எவ்வளவு இளைத்திருந்தது என்பதுகூட வந்தது.

சீஃபிடம் கேட்டுக்கொண்டு மகளுக்குப் போன் செய்தேன். நான் அன்று சொன்னது சரியில்லை, ஞாபகம் வந்தது, சொல்ல வேண்டும் என்று தோன்றியது என்றேன். சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. நான் வைத்துவிடலாமா என்று நினைத்தபோது, “ஜன்னலுக்கு வெளியே என்ன தெரியும் டாக்டர்?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருடமாக அந்த வார்டில் இருக்கிறேன், ஒரு தடவைகூட அங்கே நின்று பார்த்ததில்லை. நாளைக்குப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். இன்று காலை ரவுண்ட்ஸுக்கு முன்னால் போய் அந்தக் கட்டில் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு வேப்பமரமும் தண்ணீர்த் தொட்டியின் பாதியும் தெரிகிறது. அவருக்கு எழுதி அனுப்பிவிட்டேன்.